மெஷினு கத்துது

இல்லங்க மேடம், தாலிய நான் எங்கயும் ஒளிச்சு வைக்கல. சத்தியமா. நீங்களே பாத்தீங்களே, கழுத்துல ஒண்ணும் இல்ல. கொண்டைய அவுத்து ஒதறிக் காட்டிட்டேன். சாக்ஸ கழட்டிட்டேன். கால்ல மெட்டி கூட இல்ல. இன்னும் இன்னாத்த கழட்டச் சொல்றீங்க? மெஷினு கத்துது, கத்துதுன்னா நான் இன்னா பண்றது. நேத்து ஞாயித்துக்கெழமதான் மாட்டிகீறாங்க. புதுசுல்ல, கொஞ்ச நாளு சும்மாவே கத்தும். எங்க தெருவுல ஒருத்தரு புதுசா ஒரு நாய் வாங்கியாந்தாரு, காத்தடிச்சாலே கொலைக்கும் அது.

ஐயோ, ஸ்கிரீன தொறக்காதீங்க மேடம். வெளிய லைன்ல அத்தன பொம்பளைங்க நின்னுகினு கீறாங்க. எத வேணா பண்ணுங்க, இந்த பொட்டி மாதிரி ரூம்ல எவ்ளோ நேரம் வேணா நிக்கிறேன். கேட்டுக்கு வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க. நான் உள்ள போவணும். அவ்ளோதான் எனக்கு.

ஏன்னா? அட்டன்டென்ஸ் போனஸ் போயிடுமே. ஒரு நாள் ஆப்சென்ட்டுன்னாலும் மொத்தமா புடுங்கிக்குவாங்க கான்ட்ராக்ட்டுகாரங்க. அதுக்கோசரம்தான்.

நீங்க இன்னிக்குதான் சேந்தீங்களா? செக்யூரிட்டி கம்பெனியவே மாத்திட்டாங்கன்னு பஸ்ல பேசிக்கினாங்க. முன்ன இங்க காந்திமதி அக்கா இருந்தாங்க. பாவம், அவங்கள மறைமலை நகர் பக்கம் எங்கயோ போட்டுட்டாங்களாம். போறேன்னு ஒரு வார்த்த சொல்லல. அவங்களுக்கே சனிக்கெழம சாயங்காலம்தான் தெரிஞ்சுதாம். உங்க பேட்ஜில மாடத்தின்னு போட்டுகீது. திருநெல்வேலி பக்கமா? தூத்துக்குடியா. அதான் பேச்சு வேற மாதிரி கீது. நான் இன்னான்னா நீங்க என்னங்குறீங்க. நான் இங்கதான், தண்டலத்தாண்ட பொறந்தது. இப்போ இருங்காட்டுக்கோட்டைல வாடகைக்கு கீறோம். மேடம்னு கூப்புட்டா தூரமா கீது, அக்கான்னு கூப்புடட்டுமா? என் பேரு இசைவாணி.

அது இன்னாக்கா, வாக்கிடாக்கில? இன்னா சொல்றாங்க? மெயின் கேட்டுலருந்தா? ஓ, லாரியா. லாரி உள்ள வருதா. சரி சரி. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

மணி இன்னாக்கா ஆவுது? ஆறரையா. ம்.

நீங்க சந்தேகப்படுறது தப்பில்ல. இந்த கேட்டுல தாலிய ஒளிச்சுக்கினு வர்ற பொம்பளைங்கள நான் எவ்ளோ பேர பாத்துகீறேன். புதுசா சேந்தவங்கல்லாம் பண்ணுவாங்க. கொண்டைக்குள்ள சுருட்டி வைப்பாங்க. சாக்ஸுக்குள்ள வைப்பாங்க. ஒருத்தி, சிரிக்காதீங்கக்கா, தூரத்துக்கு வைக்கிற பேடு கீதுல்ல, அதுக்குள்ள வச்சுக்கினு வந்தா. காந்திமதி அக்கா தலைல அடிச்சிக்கினாங்க. ஏன்டி, கழுத்துல கட்டுனத கொண்டாந்து எங்கடி வச்சுகீறன்னு. அவ அழுவுறா. எங்க மாமியாரு கழட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சுக்கா, கழுத்துல இல்லன்னாலும் ஒடம்புலயாவது இருக்கணும்னு சொல்லிச்சுன்னு அழுவுறா.

அதனால நீங்க அப்டி நெனைக்கிறீங்க. புருசன் மேல பாசம், தாலிய வுட்டுட்டு வர மனசில்ல, எங்கயோ சொருவிகினு வந்துகீதுன்னு. நல்லாகீது. பாசம்.

எதுக்கு இவ்ளோ கெடுபிடின்னு உங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்களா? திருடு போவக் கூடாதுன்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. அது பாதிதான். எங்களுக்கு மொத நாளே இனியவன் சாருன்னு ஒருத்தரு வந்து கிளாஸ் எடுத்தாரு. சின்ன வயசு, ஆனா நல்லா சொல்வாரு. மனுசன் நடந்தாலே ஒடம்புல கரண்ட்டு சேருமாம். தல சீவினா சேருமாம், துணி உரசினா சேருமாம். நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தக் கையோட போயி சிப்ப தொட்டா பட்டுனு அதுல எறங்கிடுமாம். சிப்பு செத்துரும். அதுக்குதான் உள்ள போனதும் மணிக்கட்டுல ஒரு பட்ட கட்டிக்கினு, அதுல வயரு மாட்டிக்கினு ஒக்காருவோம். ஒடம்புல கீற கரண்ட்ட அது கொண்டு போயி பூமில வுட்டுரும். மஞ்சள் பூசக் கூடாது, குங்குமம் கூடாது, பவுடர் கூடாது, பூ கூடாது. தூள் கொட்டுமே. தங்கம், வெள்ளி, இரும்பு, ஒண்ணும் கூடாது. சிப்பு பதிக்கிற பலகை மேல உரசினா போச்சு.

எங்க செட்டுல ஒருத்தி எழுந்து கேட்டா. சாரு, தாலிய கழட்டுனா புருசன் ஆயுசுக்கு ஆவாதுன்னு சொல்றாங்களேன்னு. அவரு சொன்னாரு, அம்மா, புருசன் ஆயுசு எனக்குத் தெரியாது, கழட்டலன்னா சிப்பு ஆயுசு போயிடும்னு எனக்குத் தெரியும்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டோம்.

இன்னொண்ணும் சொன்னாருக்கா. சில சிப்பு ஒடனே சாவாதாம். உள்ளுக்குள்ள அடிபட்டுடும். ஆனா டெஸ்ட்டுல பாஸாயிடும். டப்பால போட்டு அனுப்பிடுவாங்க, யாரோ காசு குடுத்து வாங்கிடுவாங்க, கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு நாளு சும்மா கெடக்கும்போதே செத்துப் பூடுமாம். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் மேல ஒரு கீறல் இருக்காதாம். எல்லாரும் நோட்டுல எழுதிக்கினாங்க. நான் எழுதல. எனக்கு அது மறக்காதுன்னு தோணிச்சு.

கால் கடுக்குதா? நீங்களும் ஒக்காருங்களேன். நான் எங்க ஓடிடப் போறேன். ரெண்டு பக்கமும் கேட்டு.

என் மாமியாரு தாயாரம்மாள்னு பேரு. அவங்களும் மொதல்ல குதிச்சாங்க. தாலிய கழட்டி வைக்கிற வேல ஒரு வேலையாடின்னு தெருவே கேக்குற மாதிரி கத்துனாங்க. மொத மாச சம்பளத்துல மிக்ஸி வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்களே எனக்கு ஒரு வெல்வெட்டு பை தச்சுக் குடுத்தாங்க, தாலி வைக்க. ஒரு மிக்ஸி ஓடுற சத்தத்துல சாஸ்திரம் எப்டி அடங்குது பாருங்க. அப்புறம் அவங்களே ஊர்ல ரூல்ஸு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. கழட்டும்போது கெழக்கப் பாத்து கழட்டணும், வெள்ளிக்கெழமன்னா எல்லாருக்கும் கடைசியா கழட்டணும்னு. எந்த அய்யரு எழுதி வச்சாருன்னு தெரியல.

தோ, டப்பா வைக்கிற ராக்கு கீது பாருங்க, டோக்கன் குடுத்துட்டு தாலி வைப்போமே, அதுல ஒரு அம்மன் ஸ்டிக்கரு கீறத பாத்தீங்களா? காந்திமதி அக்கா ஒட்டுனது. தாலிய வெறும் பிளாஸ்டிக்கு டப்பால வைக்கிறோமேன்னு பொம்பளைங்கல்லாம் மனசு கஷ்டப்பட்டாங்க, அதுக்கோசரம். டப்பால வைக்கும்போது ஆத்தா பாத்துக்கோன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள ஓடுவோம். சாயங்காலம் திரும்ப எடுத்துக்கினு பஸ்ல ஏறிதான் போட்டுக்கறது. செயின்ல கோத்தவங்களுக்கு பின்னாடி கொக்கி எட்டாது. பின் சீட்டுல கீறவதான் மாட்டிவுடணும். ஒரு பொம்பள கழுத்துல இன்னொரு பொம்பள தாலி பூட்டுறத எங்க பஸ்ல மட்டும்தான் பாக்க முடியும். யாரோ ஒருத்தி வாயால மேளம் வேற அடிப்பா.

ஒரு தபா சுபஸ்ரீன்னு எங்க லைன்ல ஒருத்தி, டப்பா மாறி எவளோ ஒருத்தி தாலிய எடுத்துப் போட்டுக்கினு போயிட்டா. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அத்தப் போட்டுக்கினே சமைச்சு, தூங்கி, கோயிலுக்குப் போயி, எல்லாம் பண்ணிகீறா. திங்கக்கெழம காலைல அந்தப் பொண்ணு வந்து இது என்துன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது. சாயங்காலம் பஸ்ல, உன் புருசன் ஒண்ணியும் கண்டுபுடிக்கலையாடின்னு கேட்டோம். அவரு எங்கடி என் கழுத்தப் பாத்தாருன்னா. பஸ்ஸே குலுங்கிச்சு. நான் சிரிச்சு சிரிச்சு எனக்கு பொறையேறிடுச்சு.

அன்னிக்குதான்க்கா நான் மறந்துட்டேன். சிரிச்சுகினே வந்ததுல. பை தோள்ல கீது, பைக்குள்ள வெல்வெட்டு பை, அதுக்குள்ள தாலி. போட்டுக்கவே இல்ல. சிரிச்சுகினே ஸ்டாப்புல எறங்குறேன், எதுர்ல அவரு நிக்கிறாரு.

ஒண்ணுமில்ல. அப்புறம் ஒண்ணுமில்ல. தண்ணி கீதாக்கா கொஞ்சம்?

வாக்கிடாக்கி திரும்ப கத்துது பாருங்க. எடுங்க. யாரு? கேன்டீன் வண்டியா. நல்லா கேளுங்க, கேன்டீன் வண்டிதான?

அவருக்கு வேல? முன்ன இருந்துச்சு, இப்ப இல்ல. கார் பார்ட்ஸ் பண்ற எடத்துல வெல்டரா இருந்தாரு. நல்ல கை. அவரு போட்ட வெல்டிங்க தடவிப் பாத்தா தடம் தெரியாதுன்னு சொல்வாங்க. அப்புறம் ரோபோ எறக்குனாங்க. ஒத்த கை, மஞ்சக் கலரு. நாலு பேரு வேலைய அது ஒண்ணே செய்யுதாம். டீ குடிக்கப் போவாதாம், லீவு கேக்காதாம். ஆயுதபூசைக்கு அதுக்கு இவங்கள வுட்டே சந்தனம் வைக்கச் சொல்லிட்டு, அடுத்த மாசம் இவங்கள வர வேணாம்னுட்டாங்க. அதுலருந்து வூட்டுலதான். நான் காலைல கெளம்புறேன், அவரு படுத்துகினு கீறாரு. நான் மெஷினுக்கு ஏத்த மாதிரி ஒடம்ப மாத்திக்கினேன், வேல கெடச்சுது. அவர மெஷினு வேணான்னுடுச்சு. வூட்டுக்குள்ள ரெண்டு பேருக்கும் நடுவுல அது ஒக்காந்துகினு கீது.

அதனால கோவமான்னா? எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. வேல போன கோவம்மா, அனுசரிச்சுப் போன்னு. ஏன்க்கா, ரோபோவால வேல போனவனெல்லாம் பொண்டாட்டி மேலயா பாயிறான்? பக்கத்து வூட்டு திருமலைக்கும் அதே கம்பெனில, அதே நாள்லதான் வேல போச்சு. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுறான். சாயங்காலம் பொண்டாட்டிக்கு மல்லிப்பூ வாங்கியாறான்.

மணி இன்னா? ஏழாவப் போவுதா? அப்போ மோட்டார் போட்டிருப்பாங்க. எங்க வூட்டு ஓனரு ஆறரைக்கு மோட்டார் போடுவாரு. அந்த சத்தத்துலதான் இவரு எழுந்துருவாரு. எழுந்தா மூஞ்ச கழுவுவாரு, பைக்கு சாவிய எடுப்பாரு, டீ குடிக்கப் போவாரு. சாவிய எடுப்பாரு.

அக்கா, என்ன உள்ள அனுப்பிடுங்களேன். உங்க கால்ல வேணா வுழுறேன்.

இல்ல, போனஸ் இல்லக்கா. பொய் சொன்னேன். போனஸ் போனா போவுது. உள்ள இருந்தா எனக்கு எட்டு மணி நேரம் மூச்சு வுட முடியும். செல்லு கெடையாது, கேட்டுலயே வாங்கி வச்சிடுறாங்க. தொப்பி, மாஸ்க்கு, வெள்ளக் கோட்டு, கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். யாரு எவன்னே தெரியாது. கல்யாணமானவளா ஆவாதவளா, புருசன் நல்லவனா கெட்டவனா, மெஷினுக்கு அக்கறையில்ல. எல்லாரும் ஜெயிலு மாதிரி கீதுன்னு சொல்வாங்க உள்ள. எனக்கு வூடுதான் அப்டி கீது. ஒத்த ரூம்பு. ஒரு ஜன்னலு. அதையும் கொசு வருதுன்னு ஆணி அடிச்சு மூடிட்டாரு.

சரி, கை மெஷின எடுங்க. எடுங்கக்கா. எவ்ளோ நேரம் தள்ளிப் போடுறது, லைன்ல திட்டுறாங்க. தல மேல காட்டுங்க. சத்தம் வரலல்ல? கழுத்து. வரல. இடுப்பு. பின்னாடி. கொக்கி இல்லாத பாடிதான் போட்டுகீறேன். வரலல்ல? காலு. வரல. வலது கை. வரல.

இப்ப இடது கை.

ம். அங்கதான்.

சட்டக் கைய ஏத்தி வுடுறேன், பாருங்க. முழங்கைக்கு கீழ. இந்தத் தழும்புதான். தையல் போட்ட எடம். தொடுங்க, பரவால்ல, இப்ப வலிக்காது. உள்ள கட்டியா தட்டுதா? ஸ்டீல் பிளேட்டுக்கா. ஸ்க்ரூ போட்டு முடுக்கி வச்சுகீறாங்க.

காந்திமதி அக்காவுக்குத் தெரியும். ரெண்டு மாசம் வராம இருந்துட்டு திரும்ப வந்த அன்னிக்கே அவங்க கை மெஷினு என் கை மேல கத்திடுச்சு. அவங்க என் மூஞ்சப் பாத்தாங்க. மறுநாள்லருந்து அந்தக் கைய மட்டும் வுட்டுட்டு காட்டுவாங்க. பழைய கேட்டு மெஷினு பாதி நாளு தூங்கும், அதனால தப்பிச்சேன். மஞ்சக்காமாலன்னு சொல்லித்தான் லீவு போட்டேன். ஒடம்புல இரும்பு கீறவங்கள கான்ட்ராக்ட்டுல வச்சுக்க மாட்டாங்கன்னு பேசிக்கினாங்க. நெசமோ பொய்யோ, யாரு போயி கேக்கறது.

பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தேன். ஆஸ்பத்திரில அப்டித்தான் சொன்னான். நான் சொல்லல, என் புருசன்தான் சொன்னான். நான் பக்கத்துல கையப் புடிச்சுகினு நின்னேன்.

அன்னிக்கு ஸ்டாப்புலருந்து அவன் பைக்குல பின்னாடி ஒக்காந்து வந்தேன். வூட்டுக்குள்ள வந்து கதவ சாத்துனான். டிவி சத்தத்த ஏத்தி வச்சான். அப்புறம் கேட்டான், யாருக்குடி வெறுங்கழுத்தக் காட்டி சிரிச்சுகினு வர்றன்னு. மறந்துட்டேன்னு சொன்னேன். பைக்குள்ள கீது பாரு, எடுத்துப் போட்டுக்கறேன்னு சொல்லி பைய தொறக்கப் போனேன், தொறக்கப் போன கையதான் புடிச்சான். முறுக்குனான். காஞ்ச முருங்கக் கெள மாதிரி சத்தம் வந்துச்சு. அந்த ரோபோ கை மேல கீற ஆத்திரத்தயெல்லாம் என் கை மேல தீத்துக்கினான்.

கத்தலக்கா. ஒரு சத்தம் போடல. சண்ட சத்தம் இன்னொரு வாட்டி கேட்டா வூட்ட காலி பண்ணிடணும்னு ஓனரு சொல்லியிருந்தாரு. பல்ல கடிச்சுக்கினேன். அதுக்கப்புறம் அவனேதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனான். அவனேதான் சோறு பெசஞ்சு ஊட்டுனான். தல பின்னிவுட்டான். அதுதான் பேஜாரு. பாத்தவங்கல்லாம் தங்கமான புருசன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க, சிரிப்பா வருது எனக்கு. மெஷினுக்கோசரம் தாலிய கழட்டுனேன். தாலிய திரும்பப் போட மறந்ததுக்கு கைய ஒடிச்சான். ஒடிஞ்ச கைக்கு இரும்பு வச்சாங்க. இப்ப அந்த இரும்பப் பாத்து மெஷினு உள்ள வுட மாட்டேங்குது. எந்தப் பக்கம் திரும்புனாலும் கதவு சாத்திகீது.

எடுத்துடலாமாம். எலும்பு ஒட்டிகிச்சு, வேணுன்னா இன்னொரு சின்ன ஆபரேசன் பண்ணி பிளேட்ட எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஈ.எஸ்.ஐ. கார்டு கீதுல்ல, காசு ஆவாது. அந்த கார்டு இந்த வேல இருந்தாத்தான். நேத்து ராத்திரி சாப்புடும்போது அவனாண்ட சொன்னேன். எடுத்துடலாம்னு சொல்றாங்கன்னு. மொதல்ல சோத்தயே பாத்துகினு இருந்தான். அப்புறம் சிரிச்சான். நல்லா சிரிச்சான்க்கா. சொன்னான், வேணாம், இருக்கட்டும். தாலியத்தான் தெனம் கழட்டிப் போட்டுட்டுப் போற. இத கழட்டு பாக்கலாம்னான். சொல்லிட்டு மோரு கேட்டான். ஊத்துனேன்.

ராத்திரி பூரா தூக்கமில்ல. அடிச்சப்ப கூட நான் அப்டி பயப்படல. அவன் சிரிச்சுட்டு மோரு கேட்டான் பாருங்க, அப்பதான் பயந்தேன்.

வாக்கிடாக்கிக்கா. எடுங்க. இப்ப யாரு?

இசைவாணின்னு யாருன்னா இங்க வேல செய்றாங்களான்னு கேக்குறாங்களா?

இன்னா பைக்குன்னு கேளுங்க. கறுப்பா. கையில இன்னா வச்சுகினு கீறானாம்? மஞ்சக் கயிறா. ம். அப்போ பாத்துட்டான்.

அவன்தான்க்கா. சாவி எடுக்கப் போயிருப்பான். வாசக்காலாண்ட ஒரு ஆணி கீது, அதுலதான் பைக்கு சாவிய மாட்டுவான். காலைல கெளம்பும்போது தாலிய கழட்டி அந்த ஆணில, சாவி மேலயே மாட்டிட்டு வந்துட்டேன். தெனம் இங்க வந்து கழட்டுறேன், சாயங்காலம் திரும்பப் போட்டுக்கறேன். இன்னிக்கு வூட்டுலயே கழட்டிட்டேன். திரும்பப் போட்டுக்கப் போறதில்ல. நீங்க இவ்ளோ நேரம் தேடுனீங்களே அந்தத் தாலி, அது இப்ப மெயின் கேட்டுல அவன் கையில கீது.

சாயங்காலமா? பஸ்ஸு உள்ளருந்துதான கெளம்பும். எங்க லைன்ல கவிப்பிரியான்னு ஒரு பொண்ணு, ஒரகடத்துல ரூம் எடுத்து கீறாங்க அஞ்சாறு பேரு. ஒரு பாய் போடுற எடம் கீதுக்கா வான்னுச்சு. அவ்ளோதான் தெரியும். நாளைக்கு இன்னான்னு தெரியாது.

அவன் பேரா? வாயில வர மாட்டேங்குதுக்கா. கட்டுனதுலருந்து சொன்னதில்ல. இருங்க. பலராமன். பலராமன். சொல்லிடுங்க மெயின் கேட்டுக்கு.

இன்னா சொன்னீங்க அவங்களாண்ட? உள்ள வேல செய்றவங்கள பத்தி வெளிய யாருக்கும் சொல்ற வழக்கமில்லன்னு சொல்லிட்டீங்களா. மொறைக்கிறான்னா போலீசுக்கு போன் போடச் சொன்னீங்களா. உங்க கொரலு நல்லா கணீர்னு கீதுக்கா.

என்ன பத்தி ரிஜிஸ்டர்ல எழுதணுமா? எழுதுங்க. எழுதாம வுட்டா உங்க வேலைக்கு ஆபத்து. எலும்புல பிளேட்டு, இடது கைன்னு எழுதுங்க. கான்ட்ராக்ட்டுகாரங்க பாத்தா பாக்கட்டும், கூப்புட்டுக் கேட்டா நானே சொல்லிக்கிறேன். எதனாலன்னு கேட்டுகீதா அதுல? பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தான்னு மட்டும் எழுதாதீங்கக்கா. நெசத்த எழுதுங்க.

எங்க போவச் சொல்றீங்க? உள்ளயா? நெசமாவா? திரும்ப அந்த மெஷினு வழியாவா போவணும்? கத்துமேக்கா. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

கத்தட்டுங்குறீங்க. சரி.

பாத்தீங்களா, கத்துது. நல்லா கத்துது. அன்னிக்கு நான் வாயத் தொறக்கலல்ல, எனக்கும் சேத்து அதுவே கத்தட்டும்.

டோக்கனா? வேணாங்க்கா. டப்பால வைக்க இன்னிக்கு ஒண்ணும் இல்ல.